வீணான பையில் பிறந்த பெட்டி

சோப்பு, மருந்து, பற்பசை எல்லாம் அட்டைப்பெட்டியில் வருகின்றன. ஓரங்களைப் பிரித்தால் பெட்டி தட்டையாகிவிடும். மடித்தால் மறுபடியும் பெட்டி! இதை உலகுக்குத் தந்தவர் ராபர்ட் கேர்.

ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரில், 1839-ம் ஆண்டு பிறந்தார். 14 வயதில் அமெரிக்கா சென்றார். அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. கேர் படையில் சேர்ந்து, காப்டன் ஆனார். 1864-ல் நியூயார்க்கில் காகிதத் தொழில் தொடங்கினார். காகிதப் பைகள் செய்து விற்றார்.

அந்தக் காலத்தில் அட்டைப்பெட்டியைக் கையால் செய்தார்கள். கோடு போட்டு, வெட்டி, ஒட்டினார்கள். ஒட்டிய பெட்டியைத் தட்டையாக்க முடியாது. காலிப் பெட்டிகளே கிடங்கை அடைத்துக்கொண்டன. விலையும் அதிகம். அதனால் பிஸ்கட்டைக்கூடப் பீப்பாயிலிருந்து அள்ளித்தான் விற்றார்கள்.

கத்தியாக மாறிய தகடு

1879-ம் ஆண்டு. கேரின் தொழிற்சாலையில் விதைப் பைகள் தயாராகிக்கொண்டிருந்தன. மடிப்புக்கோடு போடும் உலோகத் தகடு ஒன்று சற்றே உயர்ந்துவிட்டது. அது கோடு போடவில்லை, காகிதத்தை வெட்டிவிட்டது. ஏராளமான பைகள் பாழாயின.

வேறொருவர் நஷ்டக் கணக்குப் பார்த்திருப்பார். கேர் அந்த வெட்டைப் பார்த்தார். உயரமான தகடு வெட்டும்; தாழ்ந்த தகடு கோடு போடும். இரண்டையும் ஒரே அச்சில் பொருத்தினால்? ஒரே அழுத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடுமே!

அப்படியே செய்தார். பெட்டிகள் தட்டையாகவே கட்டுக்கட்டாகக் கடைகளுக்குப் போயின. வேண்டும்போது மடித்துக்கொண்டார்கள். இடம் மிச்சம், கூலியும் மிச்சம். பின்னர், பெரிய பிஸ்கட் கம்பெனி ஒன்று லட்சக்கணக்கில் பெட்டி கேட்டது. பீப்பாயில் நமத்துப்போன பிஸ்கட், பெட்டிக்குள் மொறுமொறுப்பாக வீடு வந்தது.

1927-ல் கேர் காலமானார். அட்டையை ஒரே அழுத்தில் வெட்டி, கோடு போடும் அவருடைய முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.