ஆசார்யரின் ஆசார்யர் – பெரிய நம்பிகள் வைபவம்

உத்ஸவ ஸேவைக்காகப் பழவேற்காடு எழுந்தருளியிருக்கும் பாகவதோத்தமர்களுக்கு அடியேன் தண்டன் ஸமர்ப்பித்துச் செய்யும் விண்ணப்பம்.

இவ்வூருக்கு வருகிறவர்கள் பெருமாளை ஸேவித்து, ஏரியையும் முகத்துவாரத்தையும் கண்டு, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டே ஊர் திரும்புகிறார்கள். 1613-ஆம் ஆண்டு இங்கே கோட்டை கட்டிய அந்த வணிகக் கூட்டத்தார், இறந்த தம்மவர் பெயர்களைக் கருங்கல்லில் ஆழமாகச் செதுக்கி வைத்துப் போனார்கள். உப்புக் காற்றிலும் அவ்வெழுத்துக்கள் இன்னும் நிற்கின்றன. செம்புறாங்கல் அடுக்கி ஆதிநாராயணப் பெருமாள் கோயிலை எழுப்பிய சிற்பிகளின் பெயரோ நம்மில் ஒருவருக்கும் தெரியாது. பெயர் நிற்பதும் மறைவதும் பெருமையைப் பொறுத்தன்று போலும்.

நம் ஸம்ப்ரதாயத்திலும் இது உண்டு. 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த எம்பெருமானாரை அறியாதவர் இல்லை. 2017-இல் அவருடைய ஆயிரமாவது திருநக்ஷத்திரத்தை நாடெங்கும் கொண்டாடினோம். 2022-இல் ஹைதராபாத் அருகே 216 அடி உயரத்தில் அவருக்குத் திருமேனி எழுந்தது. ஆனால் அந்த உடையவருக்கு ஆசார்யர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் திருக்கோஷ்டியூர் நம்பி என்பார்கள். அவர் ரஹஸ்யார்த்தம் அருளியவர். தோளில் சங்க சக்கரம் பொறித்துத் திருமந்த்ரம் முதலானவற்றை உபதேசித்து ராமாநுஜரைச் சிஷ்யராக ஏற்றவர் பெரிய நம்பிகள். மஹாபூர்ணர் என்பதும் அவருக்குத் திருநாமம்.

அடியேன் பாடசாலையில் பயின்ற நாட்களில் காலைதோறும் குருபரம்பரையில் அவருடைய தனியனை அநுஸந்திப்போம். ஸ்வரம் பிசகினால் பிரம்பு பேசும். ஆயினும் அவர் என்ன செய்தார் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முப்பது வயதைக் கடந்த பிறகு, குருபரம்பரை ஏட்டைத் தனியே அமர்ந்து வாசித்தபோதுதான் மாறனேரி நம்பியின் சரிதம் என் கண்ணில் பட்டது.

பெரிய நம்பிகள் திருவரங்கத்தில் மார்கழிக் கேட்டையில் அவதரித்தவர். மரபுக் கணக்கின்படி அது 997-ஆம் ஆண்டு. ஆளவந்தாருடைய முதன்மைச் சீடர்களுள் ஒருவர். ஆளவந்தார் திருவுள்ளம்பற்றியபடி காஞ்சிக்குச் சென்று, அவர் அருளிய ஸ்தோத்ர ரத்நத்தை இளையாழ்வாரான ராமாநுஜர் செவியில் படும்படி அநுஸந்தித்து, அவரைத் திருவரங்கத்துக்கு அழைத்து வந்தார். வந்து சேருமுன் ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார்.

பின்னர் பேரருளாளன் நியமனப்படி ராமாநுஜர் நம்பிகளைத் தேடிப் புறப்பட, நம்பிகளும் அவரைத் தேடிப் புறப்பட, இருவரும் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமன் ஸந்நிதியில் சந்தித்தார்கள். காஞ்சிக்குச் சென்று பேரருளாளன் ஸந்நிதியில் ஸம்ஸ்காரம் செய்துகொள்ளலாம் என்றார் நம்பிகள். சரீரம் நிலையற்றது, ஆளவந்தாரை இழந்தது போதாதா என்றார் ராமாநுஜர். அங்கேயே மகிழ மரத்தடியில் பஞ்ச ஸம்ஸ்காரம் நடந்தது. அதன்பின் நம்பிகள் காஞ்சியில் குடும்பத்தோடு தங்கித் திவ்ய ப்ரபந்தம் ஓதுவித்ததும், கிணற்றடியில் குடத்து நீர் தெறித்ததால் எழுந்த பூசலை வளர்க்க விரும்பாமல், ராமாநுஜரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திருவரங்கம் திரும்பியதும் பலரும் அறிந்த கதையாதலால் விரிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தமக்கு வாய்த்த சீடரைத் தாமே முழுதும் உரிமை கொண்டாடியவர் அல்லர் நம்பிகள். ரஹஸ்யார்த்தத்துக்குத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் போகச் சொல்லி அனுப்பியவர் அவரே. திருமாலையாண்டானிடமும் திருவரங்கப் பெருமாள் அரையரிடமும் ராமாநுஜர் பயின்றபோது அவருக்கு மனத்தில் சிறிதும் குறையில்லை. ஒருநாள் எதிரே வந்த தம் சீடரை, ஆளவந்தாரே எழுந்தருளியதாகக் கண்டு, வீதியிலேயே விழுந்து வணங்கினார் என்றும் சொல்வர்.

இனி மாறனேரி நம்பி. அவரும் ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்தவர். பெரிய நம்பிகளோடு ஒரே ஆசார்யரிடம் ஒரே அர்த்தங்களைக் கேட்டவர். பிறப்பாலோ, ஊரார் தீண்டாமல் விலக்கி வைத்த குலத்தவர். ஆளவந்தார் அநுபவித்த கொடிய பிளவை நோயை ஆசார்ய ப்ரஸாதம் போலத் தாம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று ஏடுகள் சொல்கின்றன. நோய் முற்றியபோது அவர் அருகே செல்வார் இல்லை. பெரிய நம்பிகள் நாள்தோறும் ப்ரஸாதம் கொண்டுபோய் ஊட்டி, புண்ணைக் கழுவி, மருந்திட்டு வந்தார். தாம் மறைந்தால், எம்பெருமானுக்கென்று ஆன இவ்வுடம்பு அதற்குரிய முறையில் சேர வேண்டும் என்பதே மாறனேரி நம்பியின் ஒரே கவலை. நம்பிகள் வாக்குக் கொடுத்தார். அவர் திருநாடு அலங்கரித்ததும், தம் தகப்பனாருக்குச் செய்வதுபோல ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரத்தைத் தம் கைகளாலேயே செய்து முடித்தார்.

ப்ரஹ்மமேதம் இன்னதென்று அறியாதவர்களுக்காக ஒரு சொல். வேதம் ஓதிய உயர்ந்த அதிகாரிக்கென்று வைத்த சரமக் கிரியை அது. அந்தணர்களிலும் எல்லோருக்கும் செய்வதில்லை. அதனால்தான் திருவரங்கம் கொதித்தது.

ஊரார் ராமாநுஜரிடம் முறையிட்டார்கள். அவர் தம் ஆசார்யரை அணுகி, தர்மத்தை நிலைநிறுத்த நாம் பாடுபடுகையில் இப்படிச் செய்யலாமோ என்று விநயமாகக் கேட்டார். நம்பிகளின் விடை நேரானது. சக்கரவர்த்தித் திருமகன் ஜடாயு என்னும் பறவைக்கு ஈமக் கடன் செய்தான். தர்மபுத்ரர் விதுரருக்குச் செய்தார். தாம் ராமனிலும் உயர்ந்தவரோ, மாறனேரி நம்பி ஜடாயுவிலும் தாழ்ந்தவரோ என்று கேட்டார். அடியார் எக்குலத்தவராயினும் நமக்குத் தலைவர் என்று நம்மாழ்வார் பாடி வைத்தவை வெறும் கடலோசையாகப் போய்விட்டனவோ என்றும் கேட்டார். ராமாநுஜர் மகிழ்ந்து திருவடிகளில் விழுந்தார். உலகோர் செவியில் இவ்விடை விழ வேண்டும் என்றே தாம் கேட்டதாகவும் தெரிவித்தார்.

கடலோசை என்ற அந்தச் சொல்லை இந்தக் கரையில் வாழ்கிற நாம் சற்று நின்று கேட்க வேண்டும். இரவும் பகலும் நம் காதில் விழுவது அதுதான். விழுந்துகொண்டே இருப்பதால் நாம் அதைக் கேட்பதில்லை.

ஊர் எளிதில் அடங்கவில்லை. நம்பிகளின் திருமாளிகையை விலக்கி வைத்தார்கள். உத்ஸவத்தில் திருத்தேர் அந்த வாசலுக்கு வந்தபோது, அவர் திருமகள் அத்துழாய், தம் தகப்பனார் செய்தது பிழையானால் பெருமாள் கடந்து போகட்டும், இல்லையேல் நிற்கட்டும் என்று ஆணையிட, தேர் நகரவில்லை என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இழுத்த கைகள் ஓய்ந்த பின்னரே ஊரார் வாசலில் வந்து நின்றார்களாம். இந்நாளில் நாமும் தேர்வடம் பிடிக்கிறோம். ஒரு பெண்பிள்ளையின் சொல்லுக்காக நின்ற தேரை அப்போது ஒருகணம் நினைக்கலாம்.

கோயில் வாசல் எல்லோருக்கும் திறக்க அதன்பின் எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! மதுரையில் வைத்தியநாத ஐயர் ஹரிஜன அன்பர்களை மீனாக்ஷியம்மன் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்றது 1939-இல். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் முழுமையாக வந்தது 1947-இல். ஐயரையும் ஊரார் விலக்கினார்கள். அத்துழாய் வாசலில் நடந்ததுதான் மறுபடி நடந்தது.

நம் கடற்கரைக் குப்பங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் ஒருவர் காலமானால் அன்று யாரும் வலை எடுத்துக் கடலுக்குப் போவதில்லை. இறந்தவர் ஏழையா, படகு உடையவரா என்று பார்ப்பதில்லை. ஒருநாள் வரும்படியை விட்டு அத்தனை பேரும் உடன் நிற்கிறார்கள். ஸாஸ்த்ரம் படித்த அடியேன் இதை அவர்களிடம் கற்கத் தவறிய ஒரு நாளும் உண்டு. பல்லாண்டுகளாக மார்கழி விடியலில் தவறாமல் ஸேவைக்கு வந்த முதியவர் ஒருவர் மறைந்தபோது, அவர் மகன் வந்து பெருமாள் சாத்திக் களைந்த மாலையையும் தீர்த்தத்தையும் கேட்டு நின்றார். கொடுத்தனுப்பினேன். அர்ச்சகனுக்குத் தீட்டு விதிகள் உண்டு, அவற்றை மறுக்கவில்லை. ஆனால் கைங்கர்யத்தை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தெருமுனை வரையாவது போய் நின்றிருக்கலாம். அன்று என்னைத் தடுத்தது விதி அன்று என்பதைப் பெருமாள் அறிவார்.

நம்பிகளின் இறுதிக் காலம் துயரமானது. சோழ மன்னன் ஒருவன் ராமாநுஜரைத் தன் மதத்துக்குக் கையெழுத்திட அழைத்தபோது, அவருடைய காஷாயத்தைத் தாம் உடுத்துக் கூரத்தாழ்வான் சபைக்குச் சென்றார். நூற்றைந்து வயதான நம்பிகளும் உடன் சென்றார். அத்துழாயும் கூட வந்தார். இருவரும் இசையவில்லை. கண்களை இழந்தார்கள். எந்த மன்னன் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை வைத்து இன்று சைவ அன்பர்களோடு வழக்காடுவது வீண். ஓர் அரசனின் கோபத்துக்கு அவர்கள் பொறுப்பல்லர்.

திரும்பும் வழியில் நம்பிகளால் நடக்க முடியவில்லை. திருவரங்கம் அதிக தூரமில்லை, சற்றே பொறுத்தால் அரங்கன் எல்லையில் சேர்த்துவிடலாம் என்று ஆழ்வான் வேண்டினார். நம்பிகள் மறுத்துவிட்டார். தாம் அங்கே போய்ச் சரீரத்தை விட்டால், சரணாகதி செய்தவனுக்கும் திருவரங்கத்தில் முடிந்தால்தான் மோக்ஷம் என்று பின்புள்ளார் எண்ணிவிடுவார்கள்; எங்கோ ஒரு குடிசையில், எங்கோ ஒரு கரையில் முடிகிறவனுக்குப் பிறகு என்ன நம்பிக்கை இருக்கும் என்பது அவர் கருத்து. ஆழ்வான் மடியில் திருமுடி சாய்த்து, ஆளவந்தார் திருவடிகளைத் தியானித்து, வழியிலேயே பரமபதித்தார்.

அந்த இடம் பசுபதிகோயில். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் வழியில், அய்யம்பேட்டைக்கு அருகில் உள்ளது. கும்பகோணம் திவ்யதேச யாத்திரை செல்லும் அன்பர்கள் அங்கே இறங்கி நம்பிகளை ஸேவித்துவிட்டுப் போகலாம். மார்கழிக் கேட்டை அவருடைய திருநக்ஷத்திரம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்.