பாபின்ஸ்கி: கால் பெருவிரல் சொன்ன சாட்சி

மல்லாந்து படுத்திருப்பவரின் உள்ளங்காலில், குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி, வெளி ஓரமாக ஒரு சாவி நுனியால் கோடிழுத்தால் கால் பெருவிரல் கீழ்நோக்கி மடங்கும். வளர்ந்த ஒருவருக்கு அது மேல்நோக்கி நிமிர்ந்தால், மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் நரம்புப் பாதையில் எங்கோ பழுது என்று அர்த்தம். உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் இந்தச் சோதனைக்கு ‘பாபின்ஸ்கி குறி’ என்று பெயர். நான் மருத்துவன் அல்ல. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பழுது எங்கே என்று தேடுவதே அன்றாட வேலையாகிப் போனதால், அதே தேடலை மனித உடம்பில் நடத்திய இந்த மனிதர் மேல் எனக்கு ஒரு ஈர்ப்பு.

ஜோசப் பாபின்ஸ்கி 1857-ல் பாரீஸில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து அரசியல் காரணங்களால் வெளியேறி பிரான்சில் தஞ்சம் புகுந்தவர்கள். வீட்டில் போலிஷ், வெளியில் பிரெஞ்சு. நம் வீட்டுக் குழந்தைகளைப் போலத்தான். அண்ணன் ஹென்றி பொறியாளரானார். தம்பி மருத்துவம் படித்து 1885-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் நரம்பியலின் சக்கரவர்த்தியாக இருந்த ஷார்கோவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சில மாதங்கள் அங்கே வந்து படித்துவிட்டுப் போன வியன்னா இளைஞர் ஒருவரின் பெயர் சிக்மண்ட் ஃப்ராய்ட்.

அந்தக் காலத்து நரம்பு மருத்துவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கை கால் விழுந்துவிட்ட இருவர் வருகிறார்கள். ஒருவருக்கு மூளையில் ரத்தக் கசிவு. இன்னொருவருக்கு மூளையில் எந்தக் காயமும் இல்லை. ஆனாலும் கால் அசையவில்லை. இரண்டாவதை அன்று ஹிஸ்டீரியா என்றார்கள். ஸ்கேன் எதுவும் கிடையாது. இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஷார்கோ ஹிஸ்டீரியாவுக்கும் திட்டவட்டமான விதிகளும் கட்டங்களும் உண்டு என்று நம்பினார். நோயாளிகளை ஹிப்னாடிச மயக்கத்தில் ஆழ்த்தி, பார்வையாளர் முன்னிலையில் அந்தக் கட்டங்களைக் காட்டினார். ஆந்த்ரே புருயே 1887-ல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், மயங்கிச் சாயும் பெண்ணைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருப்பவர் பாபின்ஸ்கிதான்.

அந்தப் பெண்கள் காட்டியது நோயையா, ஆசிரியர் எதிர்பார்த்ததையா? இந்தக் கேள்வி ஷார்கோ உயிரோடு இருக்கும்போதே எழுந்துவிட்டது. 1892-ல் பேராசிரியர் பதவிக்கான தகுதித் தேர்வில் பாபின்ஸ்கி தோற்றார். தேர்வுக் குழுத் தலைவர் பூஷார், ஷார்கோவின் பழைய மாணவர், அப்போது எதிராளி. பெரியவர்கள் சண்டையில் சிக்கிய பாபின்ஸ்கி மீண்டும் அந்தத் தேர்வை எழுதவே இல்லை. மறு ஆண்டு ஷார்கோ இறந்தார். 1895 முதல் 1922 வரை பாபின்ஸ்கி லா பித்தியே மருத்துவமனையில் தன் பிரிவை நடத்தினார். அதிகம் பேசமாட்டார், நோயாளியின் உடம்பை நெடுநேரம் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த மௌனத்தின் பலன் 1896 பிப்ரவரி 22 அன்று உயிரியல் கழகத்தில் அவர் படித்த குறிப்பு. மொத்தமே 28 வரிகள். பெருவிரல் நிமிர்வதை அவருக்கு முன்பும் சிலர் பார்த்திருக்கிறார்கள். அதன் பொருளைச் சொன்னவர் இவர். இதன் அழகு எங்கே இருக்கிறது? பிறந்த குழந்தையின் உள்ளங்காலைத் தடவினால் பெருவிரல் மேலே எழும்; நரம்புப் பாதை இன்னும் முற்றவில்லை என்பதால். ஓரிரு வயதில் பாதை முற்றியதும் விரல் கீழே மடங்கத் தொடங்குகிறது. பிற்பாடு பாதை அறுபட்டால் பழைய குழந்தை அசைவு திரும்பிவிடுகிறது. மனத்தில் உண்டாகும் எண்ணமோ அச்சமோ இந்த அசைவை உருவாக்காது. ஹிஸ்டீரியா வாதத்தில் அது வருவதில்லை.

1900-ல் அவர் இன்னும் பல குறிகளைச் சேர்த்து இரண்டு வாதங்களையும் பிரித்துக் காட்டினார். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நோயாளியை மல்லாந்து படுக்கச் சொல்லி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். மூளைப் பழுது இருந்தால் விழுந்துபோன கால் தானாகவே படுக்கையிலிருந்து மேலெழும். ஹிஸ்டீரியாவில் எழாது. இங்கே நோயாளி நல்லவரா, பொய் சொல்பவரா, பெண்ணா, ஆணா என்ற விசாரணையே இல்லை. சாட்சி சொல்வது உடம்பு.

கோட்டின் மறுபக்கம் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவ்வளவு அழகான கதையல்ல. ஹிஸ்டீரியா என்பது பிறர் சொல்லால் மனத்தில் விதைக்கப்பட்டு, பிறர் சொல்லாலேயே நீக்கக்கூடியது என்று பாபின்ஸ்கி வரையறுத்தார். ‘பித்தியாட்டிசம்’ என்று புதுப் பெயரும் சூட்டினார். சொல்லால் போகும் என்றால், போகாதவர் மனம் வைக்கவில்லை என்றுதானே பொருள்? முதல் உலகப் போரில் இந்தத் தர்க்கம் கூரிய ஆயுதமாயிற்று. காயமே இல்லாமல் நடுங்கியும் முதுகு வளைந்தும் ஏராளமான சிப்பாய்கள் போர்முனையிலிருந்து திரும்பினார்கள். பாபின்ஸ்கியின் மாணவர் க்ளோவிஸ் வேன்சான், தூர் நகரில் அவர்களுக்குக் கடுமையான மின்சாரம் பாய்ச்சி ‘குணப்படுத்தினார்’. 1916-ல் ஒரு சிப்பாய் மறுத்து மருத்துவரைத் தாக்க, விவகாரம் ராணுவ நீதிமன்றம் வரை போயிற்று. பத்திரிகைகள் சிப்பாய் பக்கம் பேசின.

பாபின்ஸ்கியின் கண்கள் மட்டும் தம் கோட்பாட்டைவிட நேர்மையாக இருந்தன. 1917-ல் ஃப்ரொமானுடன் சேர்ந்து எழுதிய நூலில், எந்தச் சொல்லுக்கும் மசியாத, சில்லிட்டு நீலம் பாரித்த கை கால்களை விவரித்து, இவை இரண்டு பெட்டியிலும் அடங்காதவை என்று மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்த்தார். அந்த வகை இன்று நிலைக்கவில்லை. என் மரியாதைக்குக் காரணம் அதன் சரி தவறல்ல; தாம் போட்ட கோட்டைத் தாமே கலைக்கும் அளவுக்கு அவர் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பதுதான்.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு கொசுறு. 1917-ல் அவரிடம் சில காலம் பயிற்சி பெற்ற மருத்துவ மாணவர்களில் ஒருவர் ஆந்த்ரே பிரெத்தோன், பின்னாளில் சர்ரியலிசத்தின் தலைவர். ‘நாஜா’ நாவலில் (1928) அவர் வியந்து விவரிக்கும் நாடகத்தை எழுதிய இருவரில் ‘ஓலாஃப்’ என்ற புனைபெயருக்குள் ஒளிந்திருந்தவர் பாபின்ஸ்கி! அதே ஆண்டு பிரெத்தோனும் அரகோனும் ஹிஸ்டீரியாவுக்கு ஐம்பதாண்டு விழா எடுத்து, அதை நோயாக அல்ல, கவித்துவ வெளிப்பாடாகக் கொண்டாடினார்கள். அண்ணன் ஹென்றியும் சளைத்தவரல்ல. ‘அலி-பாப்’ என்ற பெயரில் 1907-ல் அவர் எழுதிய சமையல் நூல் பிரான்சில் இன்றும் பேசப்படுவது. மணம் செய்யாத சகோதரர்கள் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஹென்றி 1931-ல் போனார். பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்டுவந்த ஜோசப் மறு ஆண்டு அக்டோபர் 29 அன்று காலமானார். அந்த நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியது அவருடைய குரு ஷார்கோதான்.

காயமில்லாமல் வரும் வாதமும் நடுக்கமும் இன்று செயல்பாட்டு நரம்பியல் கோளாறு எனப்படுகின்றன. அது நடிப்பல்ல என்பது தெளிவாகிவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதை மட்டும் வைத்து அதைத் தீர்மானிப்பதும் சரியல்ல. எங்கள் தொழிலில்கூட வன்பொருளில் குறையில்லை என்று எழுதிப் புகாரை மூடிவிட்டால், நிரல் ஓடத் தொடங்கிவிடாதே. பாபின்ஸ்கியைப் போல உடம்பிலேயே குறியைத் தேடுகிறார்கள். ஒரு கையின் நடுக்கம், மறு கையால் வேறு தாளத்தில் தட்டச் சொன்னால் அந்தத் தாளத்துக்கு மாறுகிறதா, நின்றுபோகிறதா என்று பார்க்கிறார்கள். 1908-ல் அமெரிக்க மருத்துவர் ஹூவர் விவரித்த சோதனையும் உண்டு: படுக்கையில் கீழே அழுத்த முடியாத கால், மற்றக் காலைத் தூக்கும்போது தானாகவே அழுத்துகிறது.

முன்பு இந்தச் சோதனை நோயாளியை மடக்கப் பயன்பட்டது. இப்போது சில மருத்துவர்கள் அதை அவருக்கே செய்து காட்டுகிறார்கள்: பாருங்கள், உங்கள் காலுக்குப் போகும் நரம்பு அறுந்துவிடவில்லை, பயிற்சியால் இந்த அசைவை மீட்க வழி இருக்கிறது.