பட்டுத் தறியும் கணிப்பொறியும்: ஜக்கார்டின் வாழ்வு

வெம்பாக்கம், ஆரணி வட்டாரங்களில் பட்டு நெய்யும் இல்லங்களில், தறியின் தலைமேல் ஒரு பெட்டி அமர்ந்திருக்கும். அதனருகே துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டுத் தொங்கும். அப்பெட்டியை ஜக்கார்டு என்பர். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. அம்மனிதரும் நெசவாளர் குடியில் பிறந்தவரே என்பதையும், இன்று நம் மாணவர் விரும்பிப் பயிலும் கணிப்பொறிக் கல்விக்கு அவருடைய அட்டையே ஒரு வித்து என்பதையும் அறிந்தோர் இன்னும் சிலரே. எனவே அவர் வரலாறு நம் பகுதியினர்க்குப் பெரிதும் உரியதாகும்.

இளமையும் இடர்களும்

ஜோசப் மரி ஜக்கார்டு 1752ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். நமக்குக் காஞ்சியும் ஆரணியும் எவ்வாறோ, அவ்வாறே பிரெஞ்சு மக்களுக்கு லியோன் பட்டு நகராக விளங்கியது. தந்தையார் தறி வைத்து நெய்தவர். பத்து வயதில் தாயை இழந்த ஜக்கார்டு, பள்ளிக் கல்வியை முறையாகப் பெறவில்லை. பதின்மூன்று வயதிற்குப் பின்னரே எழுத்தறிவு பெற்றார் என்பர்.

அக்காலத்தில் பூவேலைப் பட்டு நெய்வதற்கு நெசவாளர் ஒருவர் போதாது. எந்தப் பாவு இழைகள் மேலெழ வேண்டுமோ அவற்றோடு பிணைத்த கயிறுகளை, ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஒருமுறை இழுத்துக் கொடுக்க ஒரு சிறுவன் வேண்டும். நாள் முழுதும் குனிந்தும் வளைந்தும் இழுக்கும் அவ்வேலை பிஞ்சு உடலை வாட்டும். சிறுவன் ஓர் இழை தவறினால் பூவும் தவறும். ஜக்கார்டும் இளமையில் அவ்வேலையைச் செய்தவர் எனச் சொல்லப்படுகிறது.

1772இல் தந்தை மறைந்தார். வந்து சேர்ந்த சொத்தும் கடனில் கரைந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793இல் லியோன் முற்றுகைக்குள்ளானது. ஜக்கார்டு மகனோடு போர்க்களம் சென்றார். மகனைக் களத்தில் இழந்து தனியராய்த் திரும்பினார். ஏறத்தாழ ஐம்பது வயது வரை அவர் வாழ்வில் வெற்றி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை.

அட்டையில் எழுதிய ஆணை

1801ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் அவர் அமைத்த தறி பதக்கம் பெற்றது. பின்னர் பாரிசு நகரின் தொழிற்கலைக் காப்பகத்திற்கு அழைக்கப்பட்டார். அங்கே வோக்கான்சோன் என்பார் 1745ஆம் ஆண்டளவில் அமைத்த தறியொன்று இருந்தது. அவர்க்கு முன்னரே பூசோன் 1725இல் துளையிட்ட தாளையும், அடுத்துப் பால்கோன் கோத்த அட்டைகளையும் தறியில் பயன்படுத்தியிருந்தனர். முன்னோர் மூவரும் கண்ட கூறுகளை ஆராய்ந்து, நெசவாளர் கையாளத்தக்க ஒரே பொறியாக இணைத்தது ஜக்கார்டின் அரும்பணியாகும். 1804ஆம் ஆண்டளவில் அது நிறைவுற்றது.

அப்பொறி இயங்கும் முறை எளியது. ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி உட்புகும். அதனோடு இணைந்த கொக்கி உயர்ந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாவிடத்தில் ஊசி பின்தள்ளப்படும். கொக்கி விலகிவிட, இழை கீழேயே நிற்கும். தூக்கு, தூக்காதே என்னும் இரண்டே ஆணைகள்! அவ்விரண்டால் மாங்காயும் மயிலும் அன்னமும் பட்டில் மலரலாயின. அட்டையை மாற்றினால் பூ மாறும். தறியை மாற்ற வேண்டுவதில்லை.

எதிர்ப்பும் ஏற்பும்

1805இல் லியோனுக்கு வந்த நெப்போலியன், இப்பொறியின் உரிமையை அந்நகருக்கே உரியதாக்கி, ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்கு உதவித்தொகை வழங்கினார். எனினும் நெசவாளர் சினந்தனர். இழுக்கும் சிறுவர்க்கும் துணையாட்களுக்கும் வேலை போகுமென்று அஞ்சினர். தறிகள் உடைக்கப்பட்டன என்றும், ஜக்கார்டே தாக்கப்பட்டார் என்றும் வரலாறு கூறுவோர் உளர். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. கூலி இழப்பவனுக்குப் புதுமை முதலில் பசியாகவே வந்து நிற்கும். ஆயினும் 1812க்குள் பிரான்சில் ஏறத்தாழ 11,000 ஜக்கார்டு தறிகள் இயங்கின. பிற்காலத்தில் பிரெத்தோன் என்பார் அட்டை இயங்கும் அமைப்பைச் செம்மை செய்தார். 1834ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ஊலேன் என்னும் ஊரில் ஜக்கார்டு காலமானார்.

கணிப்பொறிக்கு வித்து

அவர் மறைந்த பின்னரே அவ்வட்டையின் பெருமை விரிந்தது. 1839இல் 24,000 அட்டைகளைக் கொண்டு அவருடைய உருவமே பட்டில் நெய்யப்பட்டது. அதன் படியொன்றை இங்கிலாந்தின் சார்லசு பாபேசு வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு ஆணையிட ஜக்கார்டின் அட்டையையே அவர் தேர்ந்தார். 1843இல் அடா லவ்லேசு அம்மையார் அப்பொறியை விளக்கியபோது, பூ நெய்யும் தறியோடு ஒப்பிட்டுக் காட்டினார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித்து துளையட்டைகளைப் பயன்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் கணிப்பொறிக்கு நிரல் எழுதியோர் அட்டையில் துளையிட்டே ஆணை வழங்கினர். துளை உண்டு, இல்லை என்பது போன்ற ஈருநிலையே இன்றைய கணிப்பொறிக்கும் அடிப்படை.

நாம் கொள்ளத்தக்கது

நம் வட்டாரத்தில் கட்டம் போட்ட தாளில் புள்ளி நிரப்பிக் கரைக்கும் முந்தானைக்கும் பூவமைத்து, அதற்கேற்ப அட்டையில் துளையிடுவோர் உளர். அவர்கள் செய்வதும் நிரல் எழுதுதலே. அவர்களை நிரலாளர் என்று எவரும் அழைப்பதில்லை. அதற்குரிய கூலியும் மதிப்பும் கிட்டுவதுமில்லை. இப்போது பூவமைப்பும் கணிப்பொறித் திரைக்குச் சென்றுகொண்டிருக்கிறது. சேலை முதலான சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்க 1985இல் நடுவணரசு சட்டம் இயற்றியும், விசைத்தறியின் போட்டி ஓய்ந்தபாடில்லை. லியோன் நெசவாளர் அன்று எழுப்பிய வினா நம் வாயிலிலும் நிற்கிறது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறி பயில்கின்றனர். தந்தையின் தறியை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டதாக அவர்கள் எண்ண வேண்டுவதில்லை. அத்தறியின் மேலுள்ள பெட்டியை ஒருமுறை ஊன்றி நோக்கி, ஓர் அட்டை எவ்வாறு ஓர் இழையைத் தூக்குகிறது எனத் தந்தையிடமே கேட்டறிதல் நன்று. தாம் கற்கும் கல்வியைத் தறியிருக்கும் வீட்டின் நலனுக்கும் பயன்படுத்துவாராயின், அதுவே ஜக்கார்டுக்கு அவர்கள் செலுத்தும் நன்றியாகும்.