வெறிநாய்க்கடியை வென்ற லூயி பாஸ்டர்

நாய் மனிதனின் நன்றியுள்ள தோழன். ஆயினும், ஒரு காலத்தில் வாயில் நுரை தள்ளியபடி ஒரு நாய் தெருவில் ஓடிவந்தால் ஊரே கதவடைத்துக்கொண்டது. அதற்குக் காரணம் ரேபிஸ் எனப்படும் வெறிநோய். நாய், பூனை, ஓநாய், மனிதன் என யாரைப் பற்றினாலும், அறிகுறிகள் தோன்றிவிட்டால் அந்நோய் உயிரைப் பறிக்காமல் விடுவது மிக அரிது. அத்தகைய நோயை எதிர்த்துப் போராட உடலையே பழக்கலாம் என்று செய்து காட்டியவர் லூயி பாஸ்டர். வியப்பு என்னவென்றால், அவர் மருத்துவர் அல்லர், வேதியியல் அறிஞர்.

லூயி பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிரான்சு நாட்டின் டோல் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை தோல் பதனிடும் தொழில் செய்தவர். பாஸ்டர் ஆர்புவா என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது, வெறிபிடித்த ஓநாய் ஒன்று அவ்வட்டாரத்தில் பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்கு அழைத்துச் சென்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயங்களில் சூடு போட்டனர். அக்காலத்தில் மக்கள் அறிந்திருந்த சிகிச்சை அதுதான். அந்த வேதனையைத் தாங்கியும் பலர் உயிர் பிழைக்கவில்லை.

இளமையில் பாஸ்டர் ஓவியம் வரைவதில் ஆர்வம் கொண்டிருந்தார். பின்னர், பாரிசில் உயர்கல்வி பயின்று வேதியியல் துறையில் சிறந்து விளங்கினார். 1849ஆம் ஆண்டு மாரி லோரான் என்பவரை மணந்தார். கணவரின் குறிப்புகளை எழுதுவதிலும் ஆய்வுகளைப் பற்றி உரையாடுவதிலும் மாரி உற்ற துணையாக விளங்கினார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளுள் மூவர் சிறு வயதிலேயே நோயுற்று இறந்தனர். 1868ஆம் ஆண்டில் பாஸ்டரைப் பக்கவாதம் தாக்கியது. அவருடைய உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. பின்னர் ஓரளவு தேறினாலும் அதன் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. எனினும், அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு விலகவில்லை.

பால் புளிப்பதற்கும் பட்டுப்புழுக்கள் நோயுற்று மடிவதற்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்பதைப் பாஸ்டர் தம் ஆய்வுகளின் வழி உணர்த்தினார். 1879ஆம் ஆண்டில் கோழிகளைத் தாக்கும் காலரா நோயை ஆராய்ந்தபோது புதிய உண்மை ஒன்று புலப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் நீண்ட நாள் வைக்கப்பட்டிருந்த பழைய கிருமிகளைச் செலுத்தியபோது கோழிகள் இறக்கவில்லை. அதே கோழிகளுக்குப் பின்னர் வீரியமிக்க புதிய கிருமிகளைச் செலுத்தினர். அப்பொழுதும் அவை பிழைத்துக்கொண்டன. வலுவிழந்த கிருமியோடு ஒருமுறை போராடிய உடல், வலிமையான கிருமியையும் எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பாஸ்டர் கண்டுகொண்டார். 1881ஆம் ஆண்டில், ஆந்திராக்ஸ் நோய்க்கு எதிராக ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, பொதுமக்கள் முன்னிலையில் அவ்வுண்மையை மெய்ப்பித்தார்.

அடுத்து, அவரின் கவனம் வெறிநோயின்மீது திரும்பியது. இப்பணி முந்தைய ஆய்வுகளைவிடக் கடினமாக இருந்தது. வெறிநோயை உண்டாக்குவது வைரஸ் என்பதை இன்று நாம் அறிவோம். வைரஸ் மிக நுண்ணியது. அக்கால நுண்ணோக்கியில் அது தென்படவே இல்லை. கண்ணால் காண முடியாத எதிரியை எப்படிப் பிடிப்பது? எப்படி வலுவிழக்கச் செய்வது?

வெறிநோய் மூளையையும் நரம்புகளையும் தாக்குவதால், நோய்க்கிருமி அங்கேதான் இருக்க வேண்டும் என்று பாஸ்டர் முடிவு செய்தார். ஆய்வைத் தொடர, நோயுற்ற விலங்கின் மூளைப்பொருளை ஒரு நாயின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்த வேண்டியிருந்தது. நாயின் மண்டையோட்டில் துளையிட வேண்டும் என்று எண்ணியபோதே பாஸ்டரின் மனம் வருந்தியது. அவர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒருநாள் அவர் இல்லாத வேளையில், அவருடைய உதவியாளரான எமில் ரூ, நாயை மயக்கமுறச் செய்து அந்த அறுவையைச் செய்து முடித்தார். பிறகு, அந்த நாய் வழக்கம்போல் நடமாடுவதைக் கண்ட பின்னரே பாஸ்டர் ஆறுதல் அடைந்தார். எனினும், சுமார் இரண்டு வாரங்களில் அதற்கு வெறிநோய் கண்டது. கிருமி இருக்கும் இடத்தை இதன்வழி உறுதிப்படுத்தினர்.

அதன்பின், முயல்களின் உடலில் அக்கிருமியைத் தொடர்ச்சியாக வளர்த்தனர். நோயால் இறந்த முயலின் தண்டுவடத்தை எடுத்து, ஈரமற்ற காற்று நிறைந்த கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டனர். நாள்கள் செல்லச் செல்லத் தண்டுவடம் உலர்ந்தது; கிருமியின் வீரியமும் குறைந்தது. ஏறத்தாழ 14 நாள்களில் அது நோயை உண்டாக்கும் ஆற்றலை இழந்தது. பாஸ்டர் முதலில் நன்கு உலர்ந்த தண்டுவடத்திலிருந்து ஊசிமருந்து தயாரித்து நாய்களுக்குச் செலுத்தினார். மறுநாள் சற்றுக் குறைவாக உலர்ந்ததைச் செலுத்தினார். இவ்வாறு நாளுக்கு நாள் வீரியத்தைக் கூட்டினார். இறுதியில், கடும் வீரியமுள்ள கிருமியைச் செலுத்தியும் அந்த நாய்களுக்கு நோய் வரவில்லை. அவ்வாறு பாதுகாக்கப்பட்ட நாய்களின் எண்ணிக்கை 50ஐ எட்டியது.

பாஸ்டர் மேலும் ஒன்றைக் கவனித்தார். வெறிநாய் கடித்த உடனேயே நோய் வெளிப்படுவதில்லை. காயத்தில் புகுந்த கிருமி நரம்புகளின் வழியாக மூளையைச் சென்றடையப் பெரும்பாலும் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஊசி போட்டு உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டினால், நோயை முந்திக்கொள்ளலாம் அல்லவா? நாய்களிடம் இம்முறை பலனளித்தது. ஆனால், மனிதனுக்கு அது பொருந்துமா என்பது யாருக்கும் தெரியாது.

1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், அந்தக் கேள்வி அவருடைய வாசலுக்கே வந்து நின்றது. அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அவனுடைய தாயார் பாரிசுக்கு அழைத்து வந்திருந்தார். இரண்டு நாள்களுக்கு முன் வெறிநாய் ஒன்று அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. வலியால் அவனால் சரிவர நடக்க முடியவில்லை.

பாஸ்டர் பெரும் தயக்கத்திற்கு உள்ளானார். ஊசி போட்டு, அதனாலேயே சிறுவன் இறந்துவிட்டால் அந்தப் பழி அவரையே சேரும். ஊசி போடாவிட்டாலோ, சிறுவன் பிழைக்க வாய்ப்பில்லை. மனிதனிடம் சோதிக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று எமில் ரூ கருதினார். பாஸ்டர் தாமாக முடிவெடுக்காமல், வுல்பியான், கிராஞ்சே ஆகிய இரண்டு மருத்துவர்களைக் கலந்து பேசினார். சிறுவனின் காயங்களைப் பார்வையிட்ட அவர்கள், சிகிச்சையைத் தொடங்குவதே சரி என்றனர். பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதால், கிராஞ்சே ஊசி போட்டார்.

அடுத்த பத்து நாள்களில் மெய்ஸ்டருக்கு 13 ஊசிகள் போடப்பட்டன. ஒவ்வோர் ஊசியும் முன்னதைவிட வீரியமானது. சிறுவன் ஆய்வுக்கூடத்து முயல்களோடும் கோழிகளோடும் மகிழ்ச்சியாக விளையாடினான். பாஸ்டரோ இரவில் உறக்கமின்றித் தவித்தார். வாரங்கள் கடந்தன. மெய்ஸ்டருக்கு நோய் வரவே இல்லை. அவன் நலமாக ஊர் திரும்பினான்.

அதே ஆண்டு அக்டோபரில், மற்றச் சிறுவர்களைக் காப்பதற்காக வெறிநாயோடு போராடிக் கடிபட்ட ஜூப்பில் என்னும் இளம் ஆடு மேய்ப்பனும் இச்சிகிச்சையால் காப்பாற்றப்பட்டான். ஆனால், எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. கடிபட்டு 37 நாள்களுக்குப் பிறகு ஒரு சிறுமி கொண்டு வரப்பட்டாள். காலம் கடந்துவிட்டது என்பதைப் பாஸ்டர் அறிவார். தோல்வி நேர்ந்தால் தம் சிகிச்சைமுறைக்கே கெட்ட பெயர் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். இருப்பினும், பெற்றோரின் கண்ணீரைக் கண்டு அவரால் மறுக்க முடியவில்லை. அச்சிறுமி இறந்துபோனாள். சில மருத்துவர்கள் பாஸ்டரைக் கடுமையாகச் சாடினர். 1886ஆம் ஆண்டில், ஓநாயால் கடிபட்ட 19 ரஷ்யர்கள் பாரிசுக்கு வந்தனர். அவர்களுள் 16 பேர் உயிர் பிழைத்தனர்.

இச்செய்தி உலகெங்கும் பரவியது. பல நாடுகளிலிருந்து நன்கொடை குவிந்தது. அதைக் கொண்டு கட்டப்பட்ட பாஸ்டர் நிறுவனம் 1888ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பாரிசில் திறக்கப்பட்டது. அதன்பின், உலகின் பல பகுதிகளில் அவர் பெயரில் நிறுவனங்கள் தோன்றின. தமிழ்நாட்டின் குன்னூரில் 1907ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. பாஸ்டர் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மறைந்தார். ஜோசப் மெய்ஸ்டர் வளர்ந்து பெரியவரானபின், தம் உயிரைக் காத்தவரின் நிறுவனத்திலேயே வாயிற்காப்பாளராகப் பணியாற்றினார்.

இன்று, வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி முயலின் தண்டுவடத்திலிருந்து தயாரிக்கப்படுவதில்லை. பாதுகாப்பான நவீன முறைகள் வந்துவிட்டன. ஆழமாகக் கடிபட்டவர்களுக்குத் தடுப்பூசியோடு, வைரசை உடனடியாக எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதங்களும் காயத்தில் செலுத்தப்படுகின்றன. உடல் தானாகவே எதிர்ப்பாற்றலை உருவாக்கும் வரையில் அவை காவல் புரிகின்றன. எனினும், நோய் முற்றிய நாயையோ பூனையையோ குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. எனவேதான், செல்லப் பிராணிகளுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடப்படுகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர். மலேசியாவின் சரவாக் மாநிலத்திலும் 2017ஆம் ஆண்டில் இந்நோய் பரவி உயிர்களைப் பலி கொண்டது. விலங்கு கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய் மூளையை அடையும் முன் நமக்குக் கிடைக்கும் கால அவகாசத்தை வீணாக்கக் கூடாது. அந்த அவகாசத்தைக் கண்டறிந்து மனித குலத்திற்கு உணர்த்தியவரை நினைவுகூரும் வகையில், பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாள் உலக ரேபிஸ் தினமாக அனுசரிக்கப்படுகிறது.