திருநாளைப்போவார் சரிதமும் உலகோர் நோக்கும்

கொள்ளிடத்தின் மருங்கே மேற்காநாட்டு ஆதனூர்ப் புறத்தமைந்த புலைப்பாடியிலே அவதரித்தவர் நந்தனார் என்னும் திருநாளைப்போவார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் போற்றிய இவரது வரலாற்றை 12-ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் சுவாமிகள் விரித்தருளினார்.

புலைப்பாடி என்ற அளவிலே முகஞ்சுளிப்பார் உளர். சோழர் அமைச்சராய் வீற்றிருந்த சேக்கிழார் சுவாமிகளோ அதனுள்ளே நெடுநேரம் நின்று கண்டவர்போல விரிக்கின்றார். சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகளும், குஞ்சுகளோடு திரியும் கோழிகளும், மருதநிழலிலே தோலின்மீது மகவை உறங்கச்செய்யும் உழத்தியும், மாமரத்தில் தொங்கும் பறைகளும் அங்கே உள்ளன. இரும்புச்சரி யணிந்த சிறார் நாய்க்குட்டியைக் கவர்ந்தோட, அவர் அரைமணி யோசையில் அதன் குரைப்பு அடங்கிப்போகின்றது. அம்மகளிரைக் கூறுமிடத்துப் புன்மை குறித்த அடையொன்று வருதல் உண்மையே; ஆயினும் வெறுத்தவர் கண்ணுக்கு இத்துணை புலப்படுமோ?

நந்தனார் ஒருவருக்கும் அடிமையல்லர். ஊரார் விட்ட பறைத்துடவையாகிய மானியமே அவருக்கு உணவுரிமை. பேரிகை முதலியவற்றுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்து வந்தார். அவர் கொடுத்த தோல் திருக்கோயிலினுள்ளே முழங்க, கொடுத்தவர் வாயிற்புறத்தே நின்று ஆடிப்பாடினார். திருப்புன்கூரிலே சிவலோகநாதர் இடபதேவரை விலகச்செய்து காட்சி கொடுத்ததும், அங்கே இவர் குளந்தொட்டதும் யாவரும் அறிந்தனவே.

தில்லைக்குப் போக இவரைத் தடுத்தவர் யார்? நாம் இளமையிலே காலட்சேபங்களிற் கேட்டழுதது, நாற்பது வேலி நிலத்தைப் பயிரிடச் சொன்ன வேதியராகிய ஆண்டையின் கதை. பின்னர்ப் புராணம் பாடங்கேட்டபோது அவ்வாண்டையைக் காணாது திகைத்தோம். அவர் 19-ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையிற் படைத்துக்கொண்டவர். அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் தயங்கியதும் அறிஞர் அறிந்ததே. பண்ணையாட்களின் துயரம் பாரதியார் நெஞ்சை உருக்கியிருக்கலாம், அதனைக் குறைகூறோம். ஆனால் அவ்விரக்கமே நாயனாரது நிலத்தைப் பறித்து அவரைக் கைகட்டி நிற்கும் ஏழையாக்கிவிட்டது.

புராணத்தில் தடை வேறு. இரவெல்லாம் உறங்காது தில்லையை நினைந்தவர், விடிந்தால் தம் பிறப்பை எண்ணி நின்றுவிடுவார்; நாளைப் போவேன் என்பார். ஊரார் நோக்கு அவருள்ளத்தே புகுந்து அவர் நோக்காகவே அமர்ந்துவிட்டது. ஆண்டையேனும் ஒருநாள் விடைகொடுப்பான். இதனிடம் விடைபெறுவது எங்ஙனம்? தில்லையை அடைந்தும் எல்லையை இரவும் பகலும் வலம் வந்தாரேயன்றி உட்புகுந்திலர். கூத்தப்பெருமான் அவர் கனவிலும் தில்லைவாழந்தணர் கனவிலும் எழுந்தருளிப் பணித்தபின்னரே, தென்றிசை வாயிலின் முன்னே தீ அமைக்கப்பட்டது. அதனுள் மூழ்கி முந்நூலணிந்த முனிவராய் எழுந்தவரைக் கண்டு அந்தணர் கைதொழுதனர். நாயனார் உள்ளே சென்றார். பின்னர் அவரைக் கண்டார் இலர்.

அத்தீ அவரது குறையை எரித்ததோ, கண்டாரது கண்ணின் குறையை எரித்ததோ என்று நாம் பன்னாள் எண்ணியதுண்டு. அவர் மரபினர்க்குத் தமிழ்நாட்டுக் கோயில்களைத் திறந்துவிடச் சட்டம் வந்தது 1947-இலே. புரட்டாசி உரோகிணியில் அவர் குருபூசை ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. சொற்பொழிவாளர் பலர் இன்னும் ஆண்டையின் கதையையே சொல்கின்றனர்.