ஐடா ஸ்கடர் அம்மையார்

பிறர் நோவைக் கண்டு இரங்குவோர் பலர். அந்நோவைத் தீர்க்கும் பொறுப்பைத் தம் தோள்மேல் ஏற்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர், நம் வேலூரை உலகறியச் செய்த ஐடா ஸ்கடர் அம்மையார் ஆவர்.

இவர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819-இல் அமெரிக்காவினின்று புறப்பட்டு இலங்கையிலும் பின்னர்ச் சென்னையிலும் மருத்துவத் தொண்டாற்றியவர். தந்தையாரும் மருத்துவரே. எனினும், இளமையிற் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட ஐடாவுக்கு இந்நாட்டில் வாழும் எண்ணம் சிறிதும் இல்லை. அமெரிக்காவிற் கல்வி பயின்று அங்கேயே இனிது வாழக் கருதினார்.

தாயார் நோயுற்றமையால் 1890-இல் திண்டிவனம் வந்து தங்கியிருந்த காலத்து, ஓரிரவு மூவர் அடுத்தடுத்து வந்து அவர் வாயிலில் நின்றனர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் உயர்குல இந்து. மூவர் மனைவியரும் பேறுகாலத்து வேதனையில் துடித்துக் கொண்டிருந்தனர். மருத்துவரான தந்தையார் உடனே புறப்பட ஒருப்பட்டார். ஆயினும் அயல் ஆடவர் தம் மனைவியைத் தீண்டுதல் ஆகாதென்று மூவரும் மறுத்துத் திரும்பினர். ஐடாவோ மருத்துவம் அறியாதவர். பொழுது புலர்ந்தபோது மூன்று பெண்களும் உயிர் துறந்தனர் என்னும் செய்தி வந்தது.

மருந்தும் மருத்துவரும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், நோவு தீராமலே மூவர் மாண்டனர். இதற்கு யாரைக் குறை கூறுவது? வழக்கத்தைச் சினந்து வைதிருக்கலாம். அன்றித் தம்மால் ஆவதொன்றில்லையென்று கப்பலேறியிருக்கலாம். ஐடா இவ்விரண்டும் செய்திலர். அப்பெண்கள் நாணாமல் ஏற்றுக்கொள்ளத்தக்க மருத்துவராகத் தாமே ஆவதென உறுதி கொண்டார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். துணையிழந்த மகளார், ஒரு சிற்றறையில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளுடன் ஷெல் நினைவு மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் செல்லும் வழியில் மரநிழலிற் காத்திருந்த ஏழைகளுக்கும் வண்டியை நிறுத்தி மருந்தளித்து வந்தார்.

ஒருவர் கை எத்துணைப் பேர் துயர் துடைக்கும்? ஆதலின் 1909-இல் செவிலியர் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் நிறுவினார். 1922-இல் முதல் அணியில் 14 பெண்கள் தேறி வெளிவந்தனர். 1946-இல் செவிலியர் கல்வி பட்டப்படிப்பாக உயர்ந்தது.

இப்பள்ளியின் பயனை எண்ணும்போது செவிலியர்தம் இக்கட்டும் நம் நினைவுக்கு வருகின்றது. மருத்துவர் வந்து பார்த்துச் செல்வார். இரவெல்லாம் முனகலைக் கேட்டிருப்பவர் செவிலியரே. ஆனால் எழுதித் தந்த அளவுக்கு மேல் ஒரு துளியும் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. மிகுந்தால் மூச்சு ஒடுங்குமோ, நோயாளி மருந்துக்கு அடிமையாவாரோ என்னும் அச்சம் ஒருபுறம். குறைந்தால் கண்ணெதிரே ஓருயிர் வதைபடும் துன்பம் மறுபுறம். வலியைச் சொல்லாமற் பொறுத்தலே பெருமையென்று வாய் மூடிக் கிடப்பாரும் உளர். நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்குமாறு வேண்டும் உறவினரும் உளர். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால், மார்பின் என்னும் வலிநீக்கி பல மருத்துவமனைகளிற் கிடைத்தற்கு அரிதாயிற்று. 2014-ஆம் ஆண்டுத் திருத்தமே அத்தடையைச் சற்றுத் தளர்த்தியது.

இதனால் வலி முழுதும் தீயதென்று கொள்ளற்க. 1946-இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளர் விரலிழப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வலியுணர்வு அற்றுப்போதலே எனக் கண்டறிந்தார். சூடு பட்டும் உணராத கை கருகுகின்றது. முள் தைத்தும் அறியாத கால் புண்படுகின்றது. ஆகவே வலி உடலுக்கு ஒரு காவலாளன். ஆனால் கள்வன் வந்ததை அறிவித்த பின்னும் ஓயாது கூவி, வீட்டாரை உறங்கவிடாத காவலாளனால் யாது பயன்? எச்சரிக்கும் வலி எது, வதைக்கும் வலி எது என்று பகுத்தறிந்து, நோயாளி சொல்லியதைக் குறையாமலும் கூட்டாமலும் மருத்துவரிடம் எடுத்துரைத்தலே செவிலியர் கடன். ஒருமுறை கேளாராயின், மறுமுறையும் உரைத்தல் வேண்டும். விதியை மறைவில் மீறுதலும் தகாது. விதியைக் காட்டி வாளாவிருத்தலும் தகாது. திண்டிவனத்து இரவுக்கு ஐடா கண்ட விடையும் இத்தகையதே அன்றோ?

ஓய்வுபெற்றபின் கோடைக்கானலில் வாழ்ந்த அம்மையார், 1960-ஆம் ஆண்டு மே திங்களில், தம் 89-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் சாலைகளில் உழைத்துக் கைகால் நொந்தோர், இன்றும் காட்பாடிக்கு இரயிலேறி அவர் நிறுவிய மருத்துவமனையை நாடிச் செல்கின்றனர். முக்காடிட்ட தாய்மாரும் அச்சமின்றிச் செல்கின்றனர். அன்று மூன்று வீடுகளில் அடைபட்டிருந்த கதவு, இன்று அவர்களுக்காகத் திறந்திருக்கின்றது. பட்டம் பெற்று வெளியேறும் நாமும், நம் வாயிலில் நள்ளிரவில் வந்து நிற்பவர் யாரென்று சற்றே எண்ணிப் பார்ப்போமாக.