காய்ந்த செடியும் காயாத பெயரும்



கோடையில் திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வெடித்த கரிசலும் சீமைக்கருவேலும்தான் கண்ணில் படும். இந்த மண்ணில் பிறந்த எனக்கு மலையுச்சிப் புல்வெளியில் பூக்கும் நீலகிரி லில்லி மேல் என்ன அக்கறை? காரணம் இருக்கிறது. அந்தப் பூவுக்குத் தாவரவியல் பெயர் சூட்டியவர், நம்ம கரிசலின் பயிரான பருத்தியோடும் மல்லுக்கட்டியவர். அவர்தான் டாக்டர் ராபர்ட் வைட்.

1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் வைத்தியம் படித்து, 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராக இந்தியா வந்தார். 1826-ல் சென்னையில் தாவர ஆய்வுப் பொறுப்பு கிடைத்தது. 1828-ல் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டு, அவரை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். நாமென்றால் நொந்து போயிருப்போம். அவரோ செடி சேர்ப்பதை விடவே இல்லை. 1831-ல் லீவில் ஊர் போனபோது, கூடவே கப்பலேறியவை ஒரு லட்சம் உலர்செடிகள். எடை இரண்டு டன்!

செடியைக் காகிதத்துக்குள் அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, எடுத்த இடம், நாள், ஆள் பெயர் எழுதி வைப்பதுதான் உலர்செடித் தாள். எழுத்து இல்லாவிட்டால் அது வெறும் சருகு. மலை லில்லி போன்ற அபூர்வச் செடி ஒருகாலத்தில் எங்கே இருந்தது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

1842 முதல் 1850 வரை கோவையில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தார். கம்பெனி நினைத்தபடி அது பலிக்கவில்லை. மண்ணுக்கு உத்தரவு போட முடியுமா?

ஆனால் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட 2,101 தாவரப் படங்கள் நிலைத்துவிட்டன. நீலகிரி லில்லி வந்தது 1853-ல். அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம்மவர்கள். வரைந்தவர் பெயரைப் படத்தின் கீழேயே அச்சிட்டார் வைட். ஓர் ஆர்க்கிட் வகைக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. ஆனால் படத்தடியில் உள்ள பெயர் அழியவில்லை.

1853-ல் தாயகம் திரும்பிய வைட், 1872-ல் காலமானார். அவர் சேர்த்த செடிகள் கியூவிலும் எடின்பரோவிலும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

நண்பர்களே, டிராயிங் ஷீட்டின் கீழ்க்கட்டத்தில் பெயர் எழுதும்போது எனக்கு இப்போதெல்லாம் கோவிந்து ஞாபகம்தான். குரூப் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில், ராத்திரி முழிச்சு அரம் தேய்ச்சவன் பெயரை விட்டுடாதீங்க!